இரும்புக்கு வலப்பக்கம்

தங்கச்சிமடம்
15.9.2024

அன்புள்ள அய்யாவுக்கு,

பிரெசில்லா எழுதுவது. எந்தப் பிரெசில்லா என்று கேட்க வேண்டாம், உங்களுக்கு இருப்பது ஒன்றுதான். ஊர் பெயர் என்னவோ தங்கச்சிமடம். நம் வீட்டில் தங்கச்சியும் இல்லை, தங்கமும் இல்லை, இப்போது நீங்களும் இல்லை.

இதை வக்கீல் சார் கையில் கொடுத்துவிடுகிறேன். ஜெயிலில் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உங்களிடம் தருவார்களாம். ஆகவே முதலில் படிக்கிற ஆபீசர் ஐயாவுக்கு வணக்கம். இதில் ரகசியம் எதுவும் இல்லை. எழுத்துப்பிழை இருந்தால் மார்க்கைக் குறைக்காமல் விட்டுவிடுங்கள்.

வீட்டில் நலம் என்று எழுதச் சொன்னாள் அம்மா. எழுதிவிட்டேன். எழுதியதைப் படித்துக் காட்டியபோது அவளே நம்பவில்லை.

கரையில் எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நாலாம் தேதி ராத்திரி சுக்கான் கழன்று கடலில் விழுந்துவிட்டது என்று வயர்லெஸ்ஸில் பக்கத்துப் படகுக்குச் சொன்னீர்கள். கச்சான் காற்று கிழக்கே தள்ளுகிறது என்றீர்கள். அப்புறம் எல்லை தாண்டியதாக உங்கள் நான்கு பேரையும் இலங்கை நேவி படகோடு பிடித்துப் போனதை டிவியின் அடியில் ஓடுகிற எழுத்தில்தான் படித்தோம். ‘மீனவர்கள் நால்வர்’ என்று போட்டார்கள். அந்த நால்வரில் ஒருவர் என் அய்யா. அதைப் போட இடமில்லை போல.

மண்டபம் கரையில் எல்லாரும் மூக்கையா மேஸ்திரியைத்தான் பேசுகிறார்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் நம் படகுக்குச் சுக்கான் மாட்டியது அவர்தானே. பழைய போல்ட்டைப் போட்டு ஏய்த்துவிட்டார் என்கிறார்கள். “எங்கையால புதுப் போல்ட்டு போட்டேன், புது ஜிங்க் கட்டி வச்சேன்” என்று அவரும் பார்க்கிற ஆளிடமெல்லாம் சொல்கிறார். யாரும் காதில் வாங்குவதில்லை.

அந்த ஜிங்க் கட்டியை வைத்து நாம் போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறதா? மே மாதம், படகைக் கரையேற்றிப் போட்டிருந்தபோது. சுக்கான் இரும்பில் எதற்கு வருஷா வருஷம் அதை வைத்து முடுக்குகிறீர்கள் என்று கேட்டேன். “அது தேஞ்சு இரும்பக் காப்பாத்தும் புள்ள” என்றீர்கள். அறிவியலில் தொண்ணூற்றாறு வாங்கிய திமிரில் நான் என் தனிம அட்டவணையை விரித்துக் காட்டி, “இது சும்மா ஒட்டிக்கிட்டு வருது அய்யா, நம்ம சகாயம் மாமா மாதிரி. ஒரு சீசன் இது இல்லாம ஓட்டிப் பாருங்க, ஒண்ணும் ஆகாது. நான் ஜெயிச்சா ஒருநாள் என்னையக் கடலுக்குக் கூட்டிட்டுப் போகணும்” என்றேன். நீங்கள் சிரித்துவிட்டு, “அடுத்த வருசம் பாக்கலாம் போ” என்றீர்கள்.

சும்மா கேட்கிறேன். சுக்கான் போல்ட்டு எப்படி ஒடிந்தது? துரு பிடித்திருந்ததா? நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா? சும்மாதான்.

உங்கள் மகள்,
பிரெசி

*

யாழ்ப்பாணம்
29.9.2024

பிரெசிக் கழுதைக்கு அய்யா எழுதுவது.

கடிதம் கிடைத்தது. சகாயம் மாமாவுக்கும் படித்துக் காட்டினேன். ஒட்டிக்கிட்டு வருகிறவன் என்று எழுதியதை மட்டும் முழுங்கிவிட்டேன். நாலு பேரும் ஒரே அறையில் கிடக்கிறோம்.

போல்ட்டைப் பார்த்தேன். ஒடிந்த பாதி படகில்தான் தங்கியிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் கருவாட்டு முள் கனம்தான் இருக்கிறது. மூணு மாசம் ஓடின போல்ட்டு அப்படி ஆகாது. அதைப் பார்த்ததும் சகாயம், “மச்சான், மூக்கையா நம்மளக் கொன்னுட்டான்” என்றான். எனக்கும் அப்படித்தான் படுகிறது. இருபது வருசப் பழக்கம். அவன் இப்படிச் செய்வான் என்று மனசு ஒப்ப மாட்டேங்குது. போல்ட்டு என்னவோ கண் முன்னாலேயே நிற்கிறது.

வாய்தா தள்ளிப் போய்விட்டது. வக்கீல் ஐயா ஒரு தேதி சொல்கிறார், கோர்ட்டில் ஒரு தேதி சொல்கிறார்கள்.

அடி கிடையாது, சாப்பாட்டுக்குக் குறையில்லை என்று எழுதினால் உங்கம்மா அடியைத்தான் நினைப்பாள். அதனால் சாப்பாட்டுக்குக் குறையில்லை, அடி கிடையாது என்று திருப்பிப் படித்துக் காட்டு.

பொழுதுதான் போகவில்லை. பார்க்கச் சுவர்தான் இருக்கிறது. கடலில் ராத்திரி பூரா முழித்துக் கிடந்தவன் நான், இங்கன பகலில்கூடத் தூங்க முடியவில்லை. நீ கட்டம் கட்டமாக ஒரு படம் வைத்து வம்புக்கு இழுத்தாயே, அதை முழுசாக எழுதி அனுப்பு. எனக்குப் புரிகிற மாதிரி எழுது. ஏழாம் வகுப்போடு கடலுக்கு வந்தவனுக்குத் திரும்பப் பள்ளிக்கூடம் கிடைத்திருக்கிறது, அதுவும் சாப்பாடு போட்டு.

அம்மாவை ஒழுங்காகச் சாப்பிடச் சொல்.

சந்தியாகு

*

தங்கச்சிமடம்
6.10.2024

அன்புள்ள மாணவர் சந்தியாகுவுக்கு,

வகுப்பு ஆரம்பம். பேசினால் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவேன். ஆபீசர் ஐயாவும் உட்காரலாம், பீஸ் கிடையாது.

கடைசிப் பக்கத்தில் அட்டவணையை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு வரைந்திருக்கிறேன். இது எண் வரிசை. ஒன்றாம் எண் ஹைட்ரஜன், இரண்டு ஹீலியம், இப்படியே போகும். ஒவ்வொரு அணுவுக்கும் நடுவில் ஒரு கரு உண்டு. கட்டத்தில் என்ன எண்ணோ, கருவுக்குள் அத்தனை ஆட்கள். சுற்றிலும் மாடி மாடியாக எலக்ட்ரான்கள். கருவில் இருக்கிற ஆட்கள் எலக்ட்ரான்களைத் தங்கள் பக்கம் இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறார்கள் என்பதுதான் முழுப் பாடமும்.

முதல் விதி. ஒரே வரிசையில் இடமிருந்து வலமாக நடங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் கருவில் ஓர் ஆள் கூடுகிறார். ஆனால் புது மாடி கட்டுவதில்லை, வருகிற எலக்ட்ரானும் இருக்கிற வீட்டுக்குள்ளேயே அடைந்துகொள்கிறது. இழுக்கிற ஆள் கூடக் கூட அணு சுருங்கும், பிடி இறுகும். வலக்கோடியில் இருப்பவர்கள் நியான், ஆர்கான் வகையறா. யாருக்கும் எதுவும் தர மாட்டார்கள், யாரிடமும் எதுவும் வாங்க மாட்டார்கள், யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் போக மாட்டார்கள். அவர்களுக்குப் பக்கத்து வீடு புளூரின், குளோரின். இவர்கள் அடுத்தவன் தட்டிலிருந்து பிடுங்கித் தின்கிற ரகம்.

இரண்டாம் விதி. மேலிருந்து கீழே இறங்குங்கள். லித்தியம், அதன் கீழே சோடியம், அதன் கீழே பொட்டாசியம். ஒவ்வொரு படிக்கும் ஒரு மாடி கூடும். அணு பெரிசாகும், பிடி தளரும். எங்கள் வகுப்பு மாதிரி. முன்பெஞ்சுப் பிள்ளைகள் டீச்சர் கைப்பிடிக்குள் இருக்கும். நான் கடைசி பெஞ்சு. டீச்சர் போர்டு பக்கம் திரும்பினால் போதும், நான் ஜன்னல் வழியே பாம்பன் பாலம். பொட்டாசியம் அந்த ஜாதி. தண்ணீரைக் கண்டாலே எலக்ட்ரானை விட்டெறிந்துவிட்டுத் தீப்பிடித்து ஓடும்.

விட்டுத் தருகிற சோடியமும் பிடுங்கித் தின்கிற குளோரினும் சந்தித்தால் என்ன ஆகும்? உங்கள் சட்டையில் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருக்குமே, அதுதான். உப்பு.

ஆகவே, இடது கீழ் மூலையில் வள்ளல்கள், வலது மேல் மூலையில் கஞ்சர்கள். நடுவில் இருப்பவர்கள் நம்மைப் போல, ஆளைப் பொறுத்து.

வீட்டுப்பாடம்: உங்கள் அறையில் இருக்கும் நால்வரை அட்டவணையில் எங்கே வைப்பீர்கள்? சகாயம் மாமாவை வலக்கோடியில் வைக்க வேண்டாம், கோபித்துக்கொள்வார்.

இப்படிக்கு,
கலைச்செல்வி டீச்சருக்குப் பதிலாக
பிரெசில்லா டீச்சர்

*

யாழ்ப்பாணம்
27.10.2024

டீச்சரம்மாவுக்கு,

பாடம் கிடைத்தது. நாலு தடவை படித்தேன். பிஸ்கட் அட்டையைப் பிரித்து அதன் உள்பக்கத்தில் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன், கடிதத் தாள் கிழிந்து போகும் என்று. ராத்திரி விளக்கு அணைக்கிறது வரைக்கும் அதுதான் எனக்குக் கடல்.

எனக்கு இப்படிப் புரிகிறது, சரியா பார். கீழே இறங்க இறங்க நங்கூரக் கயிறு நீளம். நீளக் கயிற்றில் நிற்கிற படகு அலைக்கு அலைக்கழியும், ஒரு காற்றுக்கு அத்துக்கொண்டு போகும். வலமாகப் போகப் போகக் கயிறு அதே அளவுதான், நங்கூரம் மட்டும் கனமாகிக்கொண்டே போகிறது. அதனால் படகு நங்கூரத்தை ஒட்டி நிற்கும். இவ்வளவுதானே? இதற்கா ஒரு வருசம் படித்தாய்?

ஆபீசர் ஐயா கடிதத்தைக் கொடுக்கும்போது, “உன்ட மகள் நல்லாச் சொல்லித் தாறா” என்றார். பீஸ் இல்லாமல் படித்துவிட்டார் பார்.

இப்போது என் சந்தேகம். நாலாம் வரிசையில் இரும்பைத் தேடிப் பிடித்தேன். இருபத்தாறு. அப்படியே வலமாக வந்தால் முப்பதில் துத்தநாகம், அதாவது நம்ம ஜிங்க். உன் விதிப்படி ஜிங்க்தான் இறுக்கிப் பிடிக்கிற ஆள், இரும்புதான் முதலில் விட வேண்டும். மே மாசம் நீ சொன்னதும் அதுதான். ஆனால் நான் முப்பது வருசமாக ஜிங்க் கட்டி மாற்றுகிறவன். செங்கல் மாதிரி வைத்த கட்டியை வருசக் கடைசியில் சோப்பு மாதிரி எடுத்திருக்கிறேன். பக்கத்தில் இருந்த இரும்பு வைத்தபடி இருக்கும். ஒரு வருசம் யாரோ தெரியாமல் கட்டி மேல் பெயிண்ட் அடித்துவிட்டான், அந்த வருசம் கட்டி தேயவில்லை, இரும்பு அரித்துப் போச்சு. ஆக, ஜிங்க் கொடுக்கிறது. கண்ணால் கண்டது.

புத்தகம் தப்பா, உன் விதி தப்பா, என் கண் தப்பா? உங்க டீச்சரிடம் கேட்டு எழுது. ரெண்டு நாளாக இதுதான் மண்டையில் சுற்றுகிறது. சகாயம் சிரிக்கிறான். “மச்சானுக்கு ஜெயில்ல கிறுக்குப் புடிச்சிருச்சு” என்கிறான்.

இங்கே வந்த பிறகு அவன் சிரித்தது அன்றைக்குத்தான்.

சந்தியாகு

*

தங்கச்சிமடம்
10.11.2024

அன்புள்ள அய்யாவுக்கு,

டீச்சர் லீவு. அம்மை போட்டிருக்கிறதாம். வந்ததும் கேட்டு எழுதுகிறேன்.

ஊரில் மழை. அம்மா நலம். பூனை குட்டி போட்டிருக்கிறது, நாலு. அதுவும் நால்வர்.

மூக்கையா மேஸ்திரியை இப்போது பட்டறையில் யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. போன வாரம் மண்டபம் பஸ் ஸ்டாண்டில் அவர் சம்சாரம் நாகலெட்சுமி அக்காவைப் பார்த்தேன். ஓடிப்போய் ஒளிவதற்குள் என்னைப் பார்த்துவிட்டது. “ஒங்க அய்யா எப்படி இருக்காரு தாயி?” என்று கேட்டது. “எங்க வீட்டுக்காரரு மேல சத்தியமாச் சொல்றேன், புதுப் போல்ட்டுதான் போட்டாரு. கடையில வாங்குறப்ப நானும்தான் கூட நின்னேன். நீயாவது நம்பு” என்றது. நான் நம்புகிறேன் என்றேன். பஸ் வந்துவிட்டது.

வேறு விசேஷம் இல்லை. இந்தக் கடிதத்தில் ஜோக் ஒன்றும் வரவில்லை. ஸ்டாக் தீர்ந்துவிட்டது.

பிரெசி

*

யாழ்ப்பாணம்
24.11.2024

பிரெசிக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மை போட்டால் பத்துப் பதினைந்து நாளில் டீச்சர் வந்துவிடுவார்களே. பதிலை எழுது.

இன்னொரு விசயம். இங்கே மழைக்கு எல்லாருக்கும் சளி. சகாயத்துக்கு நெஞ்சில் கட்டிக்கொண்டு இருமுகிறான். அவன் மகனுக்குப் போன வாரம் கோயிலில் முதல் நன்மை அப்பம் கொடுத்தார்களாம், இவன் பக்கத்தில் இல்லை. அன்றைக்கு ராத்திரி சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “நான் கரையில காலு வச்சதும் வீட்டுக்குப் போக மாட்டேன் மச்சான். நேரா மூக்கையா வீடு. சுத்தியலு புடிக்கிற அந்தக் கைய ஒடிச்சுட்டுத்தான் மத்தது.” சும்மா சொல்கிறவன் இல்லை, உனக்கே தெரியும். மற்ற ரெண்டு பேரும் தலையை ஆட்டினார்கள். நான் ஆட்டவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

நீ ஏன் நாகலெட்சுமியைக் கண்டு ஒளியப் பார்த்தாய்?

சந்தியாகு

*

தங்கச்சிமடம்
1.12.2024

அய்யாவுக்கு,

டீச்சருக்கு அம்மை போடவில்லை. உங்கள் சந்தேகம் வந்த மறுநாளே கேட்டுவிட்டேன். பதில் தெரிந்ததால்தான் எழுதவில்லை.

டீச்சர் சொன்னது இது. “அட்டவணையில போட்டிருக்கிற பிடி, அணு ஆவியா, தன்னந்தனியா இருக்கும்போது அளந்தது. தனியா இருந்தா துத்தநாகம் இரும்பைவிட இறுக்கிப் பிடிக்கும், அது உண்மை. ஆனா கடல்ல எந்த அணு தனியா இருக்கு? கட்டியில இருக்கிற துத்தநாக அணுக்கள் ஒண்ணையொண்ணு லேசாத்தான் புடிச்சிருக்கும். இரும்பு அப்படி இல்ல, தன் கூட்டத்தை விட்டு லேசுல வராது. உப்புத் தண்ணியில ரெண்டும் ஒட்டி இருந்தா துத்தநாகம்தான் முதல்ல கரைஞ்சு எலக்ட்ரானைக் குடுக்கும். அது தீர்ற வரைக்கும் இரும்பு தப்பிக்கும்.” பிறகு என்னைப் பார்த்து, “இது உங்க பத்தாம் வகுப்புப் புஸ்தகத்துலயே இருந்துச்சே” என்றார்.

வீட்டுக்கு வந்து பழைய புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அட்டவணைக்குச் சில பக்கம் தள்ளி, அரிமானம் என்ற தலைப்பில், இருந்தது. அந்தப் பக்கத்தில் நான் டீச்சருக்கு மீசை வரைந்திருந்தேன். நன்றாக வரைந்திருந்தேன். மீசைக்கு அடியில் எழுத்து தெரியவில்லை.

உங்கள் கண் தப்பில்லை அய்யா. புத்தகமும் தப்பில்லை.

ஜூன் பதிமூன்றாம் தேதி. மறுநாள் தடை முடிகிறது. படகுக்குப் பூவும் பெயரும் வரைய நான் மண்டபம் வந்திருந்தேன். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனீர்கள். நான் பிறகு வருகிறேன் என்றேன். மேஸ்திரியின் ஸ்பேனர் அங்கேயே கிடந்தது. சுக்கானில் அவர் முடுக்கி வைத்திருந்த ஜிங்க் கட்டியைக் கழற்றினேன். அதே அளவுக்கு ஒரு பலகைத் துண்டை அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அலுமினிய பெயிண்ட் அடித்து, நாலு நாள் முன்பே பையில் தயாராக வைத்திருந்தேன். அதைப் பூட்டினேன். ரொம்ப அழகாக இருந்தது. மேஸ்திரி திரும்பி வந்து பார்த்துவிட்டு, “ஏ புள்ள, அதுல மட்டும் பெயிண்டு படலையே?” என்று கேட்டார். “படல மாமா” என்றேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னேன்.

கிறிஸ்துமஸ் அன்று கேக் வெட்டும்போது அந்தக் கட்டியைத் தட்டில் வைத்து உங்கள் முன்னால் கொண்டுவந்து நீட்ட வேண்டும் என்று திட்டம். ‘ஆறு மாசம் மரக்கட்டையை வைத்து ஓட்டியிருக்கிறீர்கள், இரும்புக்கு என்ன ஆச்சு? இப்போது என்னைக் கடலுக்குக் கூட்டிப் போங்கள்’ என்று சொல்ல வேண்டும். உங்கள் முகம் எப்படி மாறும் என்று கண்ணாடி முன் நின்று நானே நடித்துப் பார்த்தேன்.

மேஸ்திரி புதுப் போல்ட்டுதான் போட்டார். எலக்ட்ரானைப் பிடுங்க இன்ஜினின் பித்தளை விசிறி ஒரு பக்கம், உப்புத் தண்ணீர் ஒரு பக்கம். நடுவில் கொடுக்க வேண்டியது என் கட்டிலுக்கு அடியில் யூனிபார்ம் பாவாடையில் சுற்றிக் கிடந்தது. அதனால் போல்ட்டு கொடுத்துவிட்டது.

முதல் கடிதத்திலேயே சொல்லத்தான் உட்கார்ந்தேன். ரகசியம் எதுவும் இல்லை என்று ஆபீசர் ஐயாவுக்கு எழுதியதும் கை நின்றுவிட்டது. ஆபீசர் ஐயா, மன்னிக்க வேண்டும். மார்க்கைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அய்யா, என்ன சொல்ல வேண்டுமோ எழுதுங்கள். திட்டி எழுதினாலும் பரவாயில்லை. எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

பிரெசில்லா

*

யாழ்ப்பாணம்
5.1.2025

மகளுக்கு,

கடிதம் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் கிடைத்தது. கொடுத்த ஆபீசர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்போதே உள்ளே ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது.

ஒரு தடவை படித்தேன். மறுபடி படிக்கவில்லை. கோபம் இருக்கிறது. அதை எழுதத் தெரியவில்லை. கட்டம் போட்ட பிஸ்கட் அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

திருநாள் அன்றைக்கு ஜெபம் முடிந்ததும் மூணு பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். மூக்கையா வைத்த கட்டியைக் கழற்றினது நான்தான், வீம்புக்கு ஒரு சோதனை பார்த்தேன், மரக்கட்டையை வைத்தேன், மூக்கையாவுக்குத் தெரியாது என்றேன். சகாயம், “மச்சான், ஒன் வீம்புக்கா எம்புள்ள அப்பன் இல்லாம நன்ம வாங்குனான்?” என்றான். அன்றையிலிருந்து தட்டைத் தூக்கிக்கொண்டு அந்தச் சுவர்ப் பக்கம் போய் உட்கார்ந்து சாப்பிடுகிறான். மற்ற ரெண்டு பேரும் அவன் பக்கம். அறை சின்னது. அதுக்குள்ளேயும் ஒரு எல்லைக் கோடு போட முடியும் என்று இப்போதுதான் தெரிகிறது.

தீர்ப்பு வந்துவிட்டது. அவர்கள் மூணு பேருக்கும் விடுதலை. இந்த மாசம் இருபதுக்கு மேல் மண்டபத்தில் கொண்டுவந்து இறக்குவார்கள். படகை ஓட்டினவன் நான். எனக்கு இன்னும் ஆறு மாசம். படகு திரும்பி வராது.

நான் சொல்வதைக் கேள். அவர்கள் கரைக்கு வந்து சந்தியாகுதான் செய்தான் என்று சொல்லுவார்கள். சொல்லட்டும். மூக்கையா பெயர் சுத்தமாகிவிடும், அவனுக்கு வேலை கிடைத்துவிடும். நீ வாயைத் திறக்காதே. அம்மாகிட்டயும் சொல்லாதே. நீ அந்த ஊரில் இருக்க வேண்டியவள், படிக்க வேண்டியவள். நான் எப்படியும் இங்கனதான் கிடக்கப் போகிறேன், எனக்கு இதில் கூடுதலாக ஒன்றும் போய்விடாது.

கட்டியை யார் கண்ணிலும் படாமல் கடலில் போட்டுவிடு.

அய்யா

*

தங்கச்சிமடம்
26.1.2025

அய்யாவுக்கு,

நீங்கள் சொன்னதை நான் கேட்கவில்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிட்டால், மற்றதைப் படிக்கும்போது அந்தப் பயம் உங்களுக்கு இருக்காது.

உங்கள் கடிதம் வந்த அன்று அம்மாவிடம் சொன்னேன். கைப்பிள்ளை மாதிரி கட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகு என்னோடு பேசுவதில்லை. சோறு வைக்கிறாள். தட்டு வைக்கிற சத்தம் மட்டும் கேட்கும்.

மறுநாள் கட்டியை எடுத்துக்கொண்டு மூக்கையா மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். வாசலில் வைத்து எல்லாம் சொன்னேன். நாகலெட்சுமி அக்கா எழுந்து உள்ளே போய்விட்டது. மேஸ்திரி திட்டவில்லை. கட்டியைக் கையில் வாங்கி, கனம் பார்த்து, விரலால் ஓரத்தைத் தடவினார். “ஒரு பொடிகூடத் தேயல. நான் வச்சபடியே இருக்கு” என்றார். அதைவிட இரண்டு அடி கொடுத்திருக்கலாம். கொஞ்சம் கழித்து, “நாலு மாசம் நானே என்னையச் சந்தேகப்பட்டேன் புள்ள. ராத்திரி எந்திரிச்சு உக்காந்து, எந்தப் போல்ட்ட எடுத்தோம், எந்தப் போல்ட்ட எடுத்தோம்னு யோசிச்சுக்கிட்டே இருப்பேன்” என்றார்.

இருபத்திரண்டாம் தேதி மூன்று பேரையும் மண்டபத்தில் இறக்கினார்கள். வீட்டு ஆட்கள், டிவிக்காரர்கள், நல்ல கூட்டம். அம்மா வரவில்லை. சகாயம் மாமா பாதியாக இருக்கிறார். மகனைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தவர் முன்னால் போய் நின்றேன். “மாமா, கழட்டுனது அய்யா இல்ல, நான். அய்யாவுக்கு டிசம்பர் வரைக்கும் எதுவுமே தெரியாது” என்றேன். குரல் சின்னதாக வந்தது. கேட்காத மாதிரி நின்றார். மறுபடி சத்தமாகச் சொன்னேன். அப்போது எல்லாருக்கும் கேட்டுவிட்டது.

மாமா பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டார். அடிக்கப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தால் அவர் மண்ணில் உட்கார்ந்திருக்கிறார். “நாங்க கெளம்புன அன்னைக்கு ஒங்க அய்யா என் சட்டையத் தொவச்சு மடிச்சு வச்சிருந்தாரு. நான் வாங்கிக்கிறல. தரையிலயே போட்டுட்டு வந்துட்டேன்” என்றார். அதையே இரண்டு மூன்று தடவை சொன்னார்.

ஊரில் இப்போது எனக்குப் பெயர் மரக்கட்டை. பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை. கடைசி பெஞ்சில் தனியாக இருக்கிறேன், ஜன்னல் பக்கத்தில். வெளியே ஓடத் தோன்றவில்லை.

இந்தக் கவரில் சகாயம் மாமா எழுதிய தாளும் இருக்கிறது. அவர் பையன் கொண்டுவந்து கொடுத்தான், மடித்து ஸ்டேப்லர் அடித்து. என்ன எழுதியிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. ஆபீசர் ஐயா பிரிப்பார். நான் பிரிக்கவில்லை.

கட்டியைக் கடலில் போடவில்லை. மேஸ்திரி நம் சுக்கானுக்கு வாங்கியதில் ஒரு போல்ட்டு மிஞ்சியிருந்தது, அதைக் கேட்டு வாங்கி வந்தேன். கட்டியோடு அதைச் சேர்த்து முடுக்கி, ஒரு வாளிக் கடல்தண்ணீரில் போட்டுப் பின்கட்டில் வைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை கரைக்குப் போய்ப் புதுத் தண்ணீர் எடுத்து வந்து மாற்றுவேன். இன்றைக்கு நாலாம் நாள். தண்ணீருக்குள் கையை விட்டுப் பார்த்தேன். கட்டி மேல் லேசாக வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது.

நீங்கள் வர ஆறு மாதம் ஆகும். அதற்குள் எவ்வளவு தேய்கிறதோ, நீங்களே வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

போல்ட்டு அப்படியே இருக்கிறது அய்யா.

பிரெசி